அங்கன்வாடி பணியாளருக்கு: சம்பளம் எங்கிருந்து வருகிறது, விடுபட்டால் யாரைக் கேட்பது, பயிற்சியை எப்படிக் கையாள்வது

அங்கன்வாடியில் வேலை பார்ப்பவரின் வங்கிக் கணக்கில் மாதாமாதம் ஏறும் தொகை ஒரே இடத்திலிருந்து வருவதுபோலத் தெரியும். உண்மையில் அதில் மத்திய அரசின் பங்கு உண்டு, அதோடு சேர்ந்த மாநிலப் பங்கு உண்டு, மாநிலம் தன் கருவூலத்திலிருந்து தனியாகச் சேர்ப்பதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஆணை வேறு, அதைப் பிறப்பிக்கும் மேசையும் வேறு. விடுபட்ட பணம் எந்த மேசையில் நிற்கிறது என்று தெரிந்தவர் ஒரு மனுவில் வாங்கிவிடுகிறார். தெரியாதவர் மேற்பார்வையாளரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார். தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. அவற்றில் பணியாளராகவோ உதவியாளராகவோ இருப்பவர்களுக்கும், 2025இல் அறிவிக்கப்பட்ட 7,783 இடங்கள் வழியாகப் புதிதாக வந்தவர்களுக்கும் இந்த வழிகாட்டி.

முதலில் கணக்கு

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. இப்போது சக்‌ஷம் அங்கன்வாடி, போஷன் 2.0 என்ற பெயரின் கீழ் நடக்கிறது. மதிப்பூதியம், பயிற்சி, நிர்வாகம் ஆகியவற்றுக்கு மத்திய அரசு 60, மாநிலம் 40 என்பது விகிதம். இணை உணவுக்கு மட்டும் 50க்கு 50. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90க்கு 10.

மத்திய அரசின் கணக்கில் அங்கன்வாடி பணியாளருக்கான மதிப்பூதியம் 2018 அக்டோபர் 1 முதல் மாதம் 4,500 ரூபாய், குறு அங்கன்வாடி பணியாளருக்கு 3,500, உதவியாளருக்கு 2,250. அந்த 4,500இல் 60 விழுக்காடு என்றால் 2,700. டெல்லியிலிருந்து ஒரு பணியாளருக்கு மதிப்பூதியமாக வருவது அவ்வளவுதான். மீதி முழுவதும் மாநிலத்தின் பொறுப்பு. தமிழ்நாடு அந்த 4,500ஐ அடித்தளமாக வைத்துக்கொண்டு அதற்கு மேல் தானே ஓர் ஊதிய விகிதம் வகுத்திருக்கிறது. ஆகவே ‘மத்திய அரசு பணம் விடவில்லை’ என்று யாராவது சொன்னால் எந்தப் பகுதி என்று கேளுங்கள். அகவிலைப்படி நிலுவைக்கும் ஆண்டு ஊதிய உயர்வுக்கும் அந்தப் பதில் பொருந்தாது. அவை மாநில ஆணைப்படி வருபவை.

பணியில் சேரும் நாள்

பின்னாளில் எழும் சிக்கல்களில் பெரும்பகுதி முதல் வாரத்திலேயே விதை போடப்படுகிறது. பெயரிலிருந்து தொடங்குங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், வங்கிப் புத்தகம், பணி நியமன ஆணை நான்கையும் ஒரு மேசையில் வரிசையாக வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். திருமணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயர் சேர்ந்திருக்கும், முதலெழுத்து மாறியிருக்கும், ஓர் ஆங்கில எழுத்து கூடியிருக்கும். அந்த ஓர் எழுத்துதான் 30 ஆண்டு கழித்து ஓய்வுக்காலப் பணத்தை நிறுத்தி வைக்கும். மாற்ற வேண்டியது ஆதாரும் வங்கிப் புத்தகமும். மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி அவற்றைக் கொண்டுவருங்கள். பிறந்த தேதியும் அப்படியே.

அடுத்து, நியமன ஆணையையும் பணியில் சேர்ந்த அறிக்கையையும் மூன்று படி எடுங்கள். சேர்ந்த அறிக்கையை அலுவலகத்தில் கொடுக்கும்போது உங்கள் படியில் தேதி முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். முற்பகலில் சேர்ந்தீர்களா பிற்பகலிலா என்பது வரை அதில் இருக்க வேண்டும். பணிக்கால எண்ணிக்கை முழுவதும் அந்தத் தாளிலிருந்து தொடங்குகிறது.

பணிப்பதிவேடு வட்டார குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் இருக்கும். திறந்திருக்கிறார்களா என்று மூன்று மாதத்துக்குள் நேரில் போய்ப் பாருங்கள். அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து, விடுப்பு, ஊதிய உயர்வு, பயிற்சி, கூடுதல் பொறுப்பு எல்லாம் ஏறியிருக்கிறதா எனக் குறித்துக்கொள்ளுங்கள். காட்ட மறுத்தால் சண்டை வேண்டாம். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ‘எனது பணிப்பதிவேட்டின் அனைத்துப் பக்கங்களின் நகல்’ என்று ஒரே வரியில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன் ஏற்றவில்லை’ என்று காரணம் கேட்டால் பதில் சுற்றலாக வரும். நகல் கேட்டால் நகல்தான் வர முடியும்.

முதல் 12 மாதம், அதற்குப் பின்

2025ஆம் ஆண்டு அறிவிப்பின்படி புதிதாகச் சேரும் பணியாளருக்கு முதல் 12 மாதம் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். குறு அங்கன்வாடி பணியாளருக்கு 5,700, உதவியாளருக்கு 4,100. 12 மாதம் முடிந்ததும் சிறப்பு காலமுறை ஊதியத்துக்கு மாற வேண்டும்: பணியாளருக்கு 7,700 முதல் 24,200 வரை, குறு அங்கன்வாடி பணியாளருக்கு 5,700 முதல் 18,000 வரை, உதவியாளருக்கு 4,100 முதல் 12,500 வரை.

அடிப்படைத் தொகை அதே 7,700தானே, என்ன மாறப்போகிறது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். மாறுவது அகவிலைப்படி. தொகுப்பூதியத்துக்கு அது கிடையாது; காலமுறை ஊதியத்துக்கு உண்டு. தமிழ்நாடு அரசு அகவிலைப்படி ஆணை போடும்போதெல்லாம் சிறப்பு காலமுறை ஊதியம் பெறும் அங்கன்வாடி, சத்துணவு ஊழியர்களையும் அதில் சேர்த்தே குறிப்பிடுகிறது. 2025 ஜூலை முதலான 58 விழுக்காட்டை எடுத்துக்கொண்டால், 7,700க்கு அகவிலைப்படி 4,466. இரண்டும் சேர்ந்து 12,166 ரூபாய். 13ஆம் மாதமும் 7,700 மட்டுமே வந்தால், அந்த ஒரு மாதத்தில் நீங்கள் இழப்பது 4,466.

இந்த மாற்றம் தானாக நடக்கும் என்று இருந்துவிடாதீர்கள். காலமுறை ஊதியத்தில் கொண்டுவரும் செயல்முறை ஆணை ஒன்று பிறக்க வேண்டும். 11ஆம் மாதத்திலேயே ஒரு பக்க மனு எழுதுங்கள்: நியமன ஆணை எண், தேதி, சேர்ந்த நாள், 12 மாதம் முடியும் நாள், ‘அந்நாள் முதல் சிறப்பு காலமுறை ஊதியம் வழங்க ஆணையிட வேண்டுகிறேன்’ என்ற வரி. இடையில் ஊதியமில்லா விடுப்பு எடுத்திருந்தால் அந்த நாட்களையும் நீங்களே எழுதிவிடுங்கள். மறைத்தால் கோப்பு திரும்பி வரும், ஒரு மாதம் வீணாகும். ஆணை தாமதமாக வந்தாலும் எந்த நாள் முதல் என்று அதில் எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம். ‘ஆணை பிறப்பித்த நாள் முதல்’ என்றிருந்தால் இடைப்பட்ட நிலுவை போய்விடும். அப்படி வந்தால் திருத்த ஆணை கேட்டு உடனே எழுதுங்கள்.

ஆண்டு ஊதிய உயர்வு 3 விழுக்காடு. 7,700க்கு 3 விழுக்காடு சேர்த்து நூறுக்கு முழுமையாக்கினால் 7,900. அடிப்படையில் 200 கூடினால் அதன் மேல் அகவிலைப்படியும் கூடும். 58 விழுக்காட்டில் மொத்தம் 316. சிறு தொகைதான். ஆனால் ஓர் உயர்வு விடுபட்டால் அதற்குப் பின் வரும் எல்லா உயர்வும் ஒரு படி கீழேயே நிற்கும், ஓய்வுக்காலப் பணம் வரைக்கும் அந்தக் குறை தொடரும். ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு, மாதம், அடிப்படை, அகவிலைப்படி, மற்ற படிகள், பிடித்தம், கணக்கில் வந்தது என ஆறு கட்டம் கிழித்து எழுதி வாருங்கள். ஆணையில் இல்லாத பிடித்தம் ஏதாவது தெரிந்தால் அந்த மாதமே கேளுங்கள்.

கூடுதல் பொறுப்பு பற்றி ஒரு சொல். பக்கத்து மையத்தில் ஆள் இல்லை, ‘கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளுங்கம்மா’ என்பார்கள். பார்த்துக்கொள்ளுங்கள், குழந்தைகள் பட்டினி கிடக்கக் கூடாது. ஆனால் எழுத்தில் ஆணை வாங்காமல் அந்த மையத்தின் அரிசி, பருப்பு, முட்டை இருப்பில் கையெழுத்துப் போடாதீர்கள். இருப்பு குறைந்தால் வசூல் கையெழுத்துப் போட்டவரிடம்தான் வரும். பொறுப்பேற்கும் நாளில் ஒவ்வொரு பொருளையும் எடை போட்டு, இருவர் கையெழுத்துடன் ஒப்படைப்புப் பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள்.

ஊக்கத்தொகை

மத்திய அரசின் திட்டத்தில் பணியாளருக்கு மாதம் 500, உதவியாளருக்கு 250 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. இது சம்பளப் பட்டியலோடு சேர்ந்ததல்ல. மையம் திறந்த நாட்கள், வீட்டுப் பார்வை, எடை உயரப் பதிவு போன்ற செயல்பாட்டைப் பார்த்துத் தரப்படுவது. எல்லாம் போஷன் டிராக்கர் செயலியில் ஏறியிருக்க வேண்டும். செய்த வேலை நோட்டில் மட்டும் இருந்தால் கணக்கில் வராது.

தொகை வராமல் போக இரண்டு காரணங்கள் அதிகம். ஒன்று, ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு கடைசியாக இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்குத்தான் ஆதார் வழிப் பணம் போகும். எரிவாயு மானியத்துக்கோ நூறு நாள் வேலைக்கோ எப்போதோ திறந்த கணக்கில் ஊக்கத்தொகை விழுந்துகொண்டிருக்கும்; உங்களுக்குத் தெரியாது. வங்கியில் ‘என் ஆதார் இப்போது எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது’ என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். இன்னொன்று, அளவுப் பதிவில் பிழை. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையைப் படுக்க வைத்து நீளம் எடுக்க வேண்டும், இரண்டு வயதுக்கு மேல் நிற்க வைத்து உயரம். மாற்றி எடுத்தால் ஒரு சென்டிமீட்டர் வரை வேறுபடும். போன மாதத்தைவிட உயரம் குறைந்த குழந்தை என்று செயலி காட்டும், பதிவு கேள்விக்குள்ளாகும். அளக்கும்போது செருப்பு, தலையில் கொண்டை, இடுப்பில் அரைஞாண், காலில் கொலுசு எல்லாவற்றையும் கவனியுங்கள். படுக்க வைத்து அளக்கும்போது உதவியாளர் குழந்தையின் தலையைத் தலைப் பலகையோடு பிடித்துக்கொள்ள, நீங்கள் ஒரு கையால் முழங்காலை அழுத்திப் பிடித்து மறு கையால் பாதப் பலகையை நகர்த்துங்கள். முடிந்தவரை இரண்டு காலையும் நீட்டியே அளவெடுங்கள்.

பயிற்சி

முன்பெல்லாம் அங்கன்வாடி பயிற்சி மையங்களில் தங்கிப் படிக்கும் நீண்ட பணிப் பயிற்சி இருந்தது. இன்று ஒரு பணியாளருக்குக் கிடைப்பது பெரும்பாலும் குறுகிய பயிற்சிகள். 2023 மே 10 அன்று ‘போஷன் பி, படாயி பி’ என்ற திட்டம் தொடங்கப்பட்டது. ஊட்டச்சத்தோடு படிப்பும் என்பது அதன் பொருள். சாவித்ரிபாய் பூலே தேசிய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு நிறுவனம் (2025 வரை தேசியப் பொதுக் கூட்டுறவு மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு நிறுவனம்) முதலில் பயிற்றுநர்களைத் தயார்செய்கிறது, அவர்கள் வழியே பணியாளர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. மூன்று நாள் போதுமா என்றால் போதாது. மூன்று முதல் ஆறு வயது வரை ஒரே அறையில் இருக்கும் குழந்தைகளுக்குக் கற்பிப்பது பள்ளி ஆசிரியர் வேலையைவிட எளிதானதல்ல. அதற்கு மூன்று நாள் என்பது குறைவு. ஆனாலும் அந்த மூன்று நாளைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் ஒரு வருடத்துக்கு வேண்டியது கிடைக்கும்.

பயிற்சிக்கு அடிப்படையாக இரண்டு பாடத்திட்டங்கள் 2024இல் வந்தன. மூன்று முதல் ஆறு வயதுக்கு ‘ஆதார்ஷிலா’, பிறந்தது முதல் மூன்று வயது வரை ‘நவ்சேத்னா’. ஆதார்ஷிலாவில் 48 வாரத்துக்குத் திட்டம் இருக்கிறது: முதல் 4 வாரம் குழந்தை மையத்துக்குப் பழக, 36 வாரம் விளையாட்டு வழிக் கற்றல், கடைசி 8 வாரம் கற்றதை உறுதிசெய்ய. வாரத்தில் ஐந்து நாள் செயல்பாடு, ஒரு நாள் மீள்பார்வை. நவ்சேத்னாவில் 36 மாதத்துக்கும் மாதவாரியாக 140 செயல்பாடுகள். இவை வீட்டுப் பார்வையில் தாய்க்கும் தாத்தா பாட்டிக்கும் செய்து காட்ட வேண்டியவை. தமிழ்நாட்டு மையங்களில் ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற நம் பாடத்திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டும் மோதுமோ என்று குழம்ப வேண்டாம். பாட்டு, கதை, கருப்பொருள் நம்முடையதிலிருந்து எடுங்கள். வாரத்தைப் பிரிக்கும் முறைக்கும் கவனித்து எழுதும் முறைக்கும் புதியதைப் பயன்படுத்துங்கள்.

பயிற்சிக்குப் போகும்போது மையத்தின் வயதுவாரிக் கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்: மூன்று வயதில் எத்தனை பேர், நான்கில், ஐந்தில் எத்தனை பேர், பேச்சு தாமதமாகும் குழந்தை, காது கேட்பதில் ஐயமுள்ள குழந்தை. பயிற்றுநரிடம் ‘இப்படி 14 பேர் ஒரே அறையில் இருந்தால் இந்தச் செயல்பாட்டை எப்படிச் செய்வது’ என்று அந்தத் தாளை நீட்டிக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். பயிற்சி நாள் பணி நாள். வருகைச் சான்று, பயணப்படி பற்றி ஆணையில் என்ன இருக்கிறது என்று பார்த்து இரண்டையும் கேட்டு வாங்குங்கள். சான்றின் நகலைப் பணிப்பதிவேட்டில் சேர்க்கச் சொல்லி மனு கொடுங்கள்.

பெரும்பாலான பயிற்சி வீணாவது திரும்பி வந்த முதல் வாரத்தில்தான். கணக்கெடுப்பு, முகப்பதிவு, சத்துமாவு விநியோகம் எல்லாம் குவிந்து கிடக்கும். குறிப்பேடு அலமாரிக்குள் போய்விடும். ஆகவே திரும்பிய மறுநாளே ஒரே ஒரு செயல்பாட்டை நடத்திவிடுங்கள். காசு செலவில்லாத ஒன்று இதோ.

அன்று சமையலுக்கு வந்த காய்களை நறுக்குவதற்கு முன் உதவியாளரிடம் கேட்டு வாங்குங்கள். கத்திரிக்காய், வெண்டைக்காய், தக்காளி. மூன்றையும் கலந்து பாயில் கொட்டுங்கள். மூன்று வயதுக் குழந்தைகளுக்கு மூன்று தட்டு: ஒரே மாதிரி இருப்பதை ஒரே தட்டில் போட வேண்டும். நான்கு வயதினருக்கு வெண்டைக்காயைக் குட்டையிலிருந்து நெட்டையாக வரிசைப்படுத்தி, ஐந்து வரை எண்ண வேண்டும். ஐந்து வயதினர் தரையில் சாக்கட்டியால் ஒரு கட்டம் போட்டு அதில் எத்தனை காய் என்று வரைய வேண்டும். எண் தெரிந்தவர் பக்கத்தில் எண் எழுதலாம். இருபது நிமிடம் போதும். காய்களைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புளியங்கொட்டை, சோழி, மணி போன்ற சிறு பொருட்களை மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டாம். வாய்க்குப் போய்த் தொண்டையில் சிக்கிவிடும்.

செயல்பாட்டைவிட முக்கியம் அதன் பின் எழுதும் குறிப்பு. ‘நன்றாகச் செய்தாள்’ என்று எழுதினால் அடுத்த வாரம் அதனால் ஒரு பயனும் இல்லை. ‘ஐந்து வெண்டைக்காயை எண்ணும்போது நான்காவதை இரண்டு முறை தொட்டு ஆறு என்றாள்’ என்று எழுதுங்கள். அந்தக் குழந்தைக்கு எண்களின் வரிசை தெரிகிறது, ஒரு பொருளுக்கு ஓர் எண் என்பது இன்னும் கைவரவில்லை என்று அந்த வரியே சொல்லிவிடுகிறது. அடுத்த வாரம் காயை எடுத்து வேறு தட்டில் வைத்துக்கொண்டே எண்ணச் சொன்னால் சரியாகும். ஒரு நாளைக்கு மூன்று குழந்தை வீதம் எழுதினால் ஒரு வாரத்தில் 15 பேர் முடிந்துவிடும். பெற்றோர் கூட்டத்தில் இந்தக் குறிப்பைப் படித்துக் காட்டுங்கள். ‘இங்க சோறு போட்டு தூங்க வைக்கிறாங்க’ என்று நினைத்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு அப்போதுதான் அங்கன்வாடியில் கல்வி நடக்கிறது என்று புரியும்.

நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமாவது முன்பருவக் கல்விக்கு என்பது இந்தத் திட்டத்தின் கணக்கு. அந்த இரண்டு மணி நேரத்தில் கைபேசியைக் கையில் எடுக்காமல் இருப்பதுதான் கடினம். பதிவு வேலையைக் காலை குழந்தைகள் வருமுன் அரை மணி, அவர்கள் உறங்கும்போது ஒரு மணி என்று ஒதுக்கிப் பாருங்கள். கல்வி நேரத்தில் கூட்டம், கணக்கெடுப்பு என்று அழைப்பு வந்தால் மேற்பார்வையாளரிடம் அதை வருகைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். மாதத்தில் எத்தனை நாள் வகுப்பு தடைபட்டது என்ற எண்ணிக்கை இல்லாமல் இதை யாரிடமும் பேச முடியாது.

வெளியில் படிக்க விரும்புவோருக்கு: இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் குழந்தைப் பருவப் பராமரிப்பு, கல்விக்கான பட்டயப் படிப்பு ஓராண்டு, பிளஸ் டூ போதும். தேசியக் கல்விக் கொள்கை 2020, பிளஸ் டூ முடித்த அங்கன்வாடி பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு, அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஓராண்டுப் பட்டயம் என்று சொல்கிறது. ஆனால் எந்தப் பட்டயமும் இன்றைய ஊதியத்தைத் தானாக உயர்த்தாது என்பதைத் தெரிந்துகொண்டே சேருங்கள். தெருவுக்குத் தெரு மாண்டிசோரி பட்டயம் என்று இருபதாயிரம், முப்பதாயிரம் கேட்கிறார்கள். பணம் கட்டுமுன் ‘இந்தச் சான்றை எந்த அரசுப் பல்கலைக்கழகம் அல்லது வாரியம் வழங்குகிறது’ என்று எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் திரும்பிவிடுங்கள்.

பதவி உயர்வுக்கு மத்திய வழிகாட்டுதலில் இடம் இருக்கிறது: ஐந்தாண்டு அனுபவமுள்ள உதவியாளர்களிலிருந்து பணியாளர் இடங்களில் 50 விழுக்காடு, ஐந்தாண்டு அனுபவமுள்ள பணியாளர்களிலிருந்து மேற்பார்வையாளர் இடங்களில் 50 விழுக்காடு. மற்ற தகுதிகளை மாநிலம் வகுக்கும். பிளஸ் டூ முடிக்காத உதவியாளர் இப்போதே தனித்தேர்வராக எழுதி முடிப்பது, எந்தத் தனியார் பட்டயத்தையும்விடப் பயன் தரும்.

மையத்துக்கான பணம்

மையத்துக்கு வரும் நிதி உங்கள் கையில் வராது, ஆனால் கேட்பது உங்கள் வேலை. சக்‌ஷம் திட்டத்தில் கழிப்பறைக்கு மையம் ஒன்றுக்கு 12,000 என்றிருந்தது 36,000 ஆகவும், குடிநீருக்கு 10,000 என்றிருந்தது 17,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. கழிப்பறை பெரியவர்களுக்கான உயரத்தில் கட்டப்பட்டால் குழந்தைகள் வெளியேதான் போவார்கள். கட்டும்போதே சிறிய கோப்பை, தாழ்வான குழாய் என்று ஊராட்சியில் எழுதிக் கொடுங்கள். முன்பருவக் கல்வி உபகரணப் பெட்டி வந்ததும் பூட்டி வைக்காதீர்கள். உடைந்தால் கணக்குச் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில் புதுப் பொம்மை அலமாரியிலேயே பழசாகிறது. உடைந்ததை ‘பயன்பாட்டில் சேதம்’ என்று தேதியோடு இருப்புப் பதிவேட்டில் எழுதி மேற்பார்வையாளரின் கையெழுத்து வாங்கினால் போதும்.

ஓய்வும் பணிக்கொடையும்

ஓய்வின்போது தமிழ்நாடு அரசு ஓர் ஒட்டுமொத்தத் தொகையும் மாதாமாதம் சிறப்பு ஓய்வூதியமும் தருகிறது. தொகை அரசாணைப்படி மாறுவது. நீங்கள் ஓய்வுபெறும் நாளில் நடைமுறையில் உள்ள ஆணையைக் கேட்டு வாங்குங்கள்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி, பணியாண்டுகளைக் கணக்கிட்டுத் தரும் தொகை) வேறு. 2022 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம், குஜராத் பணியாளர்கள் தொடுத்த மணிபென் மகன்பாய் பாரியா வழக்கில், அங்கன்வாடி பணியாளர்களும் உதவியாளர்களும் 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின் கீழ் வருவார்கள் என்று தீர்ப்பளித்தது. நீதிபதிகள் அஜய் ரஸ்தோகி, அபய் எஸ். ஓகா. ‘மதிப்பூதியம்’ என்று பெயர் வைத்தாலும் அது செய்த வேலைக்கான ஊதியமே என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். உணவுப் பாதுகாப்புச் சட்டமும் கல்வி உரிமைச் சட்டமும் இட்ட கடமையைச் செய்பவர்களைத் தொண்டர்கள் என்று ஒதுக்க முடியாது என்றது. 10 விழுக்காடு தனி வட்டியோடு கொடுக்கவும் சொன்னது.

கணக்கு இது: கடைசியாகப் பெற்ற மாத ஊதியம் (அடிப்படையும் அகவிலைப்படியும்) × 15 ÷ 26 × பணியாண்டுகள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சத்தை ஓர் ஆண்டாக எடுப்பார்கள். 15,000 ரூபாயில் ஓய்வுபெற்றவருக்கு 28 ஆண்டு 7 மாதப் பணி என்றால் 29 ஆண்டு. 15,000ஐ 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்தால் 8,653 ரூபாய் 85 காசு. 29ஆல் பெருக்கினால் 2,50,962. பணிப்பதிவேட்டில் சேர்ந்த நாள் தவறாக இருந்து இரண்டு ஆண்டு குறைந்தால் 17,300 ரூபாய்க்கு மேல் போய்விடும். முதல் வாரத்துத் தாளை இவ்வளவு வற்புறுத்தியது இதற்காகத்தான்.

செய்ய வேண்டிய வரிசை:

1. ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பே பணிப்பதிவேட்டைச் சரிபார்த்து, விடுபட்ட பதிவுகளை ஏற்ற மனு கொடுங்கள்.

2. ஓய்வு நாளிலிருந்து 30 நாளுக்குள் பணிக்கொடை கேட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள். குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு ஒரு படி, மாவட்டத் திட்ட அலுவலருக்கு ஒரு படி, இரண்டும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில். 30 நாள் தாண்டிவிட்டாலும் அனுப்புங்கள். தாமதம் ஒன்றே உரிமையைப் பறித்துவிடாது.

3. 2025 நவம்பர் 21 முதல் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 வந்திருக்கிறது. 15/26 கணக்கு அதிலும் உண்டு. விண்ணப்பத்தில் தீர்ப்பையும் இரு சட்டங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் ‘அந்தச் சட்டம் இப்போது இல்லை’ என்றோ ‘தீர்ப்பு பழைய சட்டத்துக்கு’ என்றோ திருப்பி அனுப்ப இடம் கொடுக்கும்.

4. மறுப்பு வந்தாலும் பதிலே வராவிட்டாலும் தொழிலாளர் துறையில் பணிக்கொடை மனுக்களைக் கேட்கும் அதிகாரியிடம் மனு. வழக்கறிஞர் கட்டாயமில்லை. சங்கத்தின் வழியாகப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் போட்டால் ஆவணம் திரட்டுவது எளிது.

ஒட்டுமொத்தத் தொகையை வாங்கும்போது கையெழுத்திடும் தாளை வீட்டுக்கு எடுத்துவந்து படிக்கக் கேளுங்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி இருந்தால், கையெழுத்துக்கு மேலேயே ‘பணிக்கொடை உரிமைக்கு உட்பட்டு’ என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். பலருக்கும் அந்த நேரத்தில் கை நடுங்கும். பேரன் பேத்தியோ மகளோ கூட இருந்தால் நல்லது.

காப்பீடும் விடுப்பும்

பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு 18 முதல் 50 வயதுக்கு, ஆண்டுக்கு 436 ரூபாய், இறப்புக்கு 2 லட்சம். சுரக்‌ஷா விபத்துக் காப்பீடு ஆண்டுக்கு 20 ரூபாய், விபத்து இறப்புக்கு 2 லட்சம். இரண்டு வங்கியில் ஜீவன் ஜோதி பிடித்தாலும் கிடைப்பது ஒரே 2 லட்சம்தான்; வங்கிப் புத்தகத்தில் மே மாத இறுதியில் 436 இருமுறை கழிந்திருக்கிறதா என்று பார்த்து ஒன்றை நிறுத்துங்கள். வாரிசு பெயர் யார் என்பதை வீட்டில் சொல்லி வையுங்கள். 2024 பிப்ரவரி மத்திய இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடு அங்கன்வாடி பணியாளர், உதவியாளர் அனைவருக்கும் விரிக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். அட்டை எடுக்காவிட்டால் மருத்துவமனை வாசலில் அலைய நேரும், இப்போதே எடுத்துவிடுங்கள்.

மகப்பேறு விடுப்பு மத்திய விதியிலேயே 180 நாள், ஊதியத்தோடு. விண்ணப்பத்தில் மருத்துவரின் உத்தேசப் பிரசவத் தேதிச் சான்றை இணைத்து, விடுப்பு தொடங்கும் நாளுக்கு முன்பே கொடுத்து ஒப்புகை பெறுங்கள். பிரசவத்துக்குப் பிறகு கொடுத்தால் முதல் சில வாரத்தை ஊதியமில்லா விடுப்பாகக் கழித்துவிடுவதுண்டு. அப்படிக் கழிந்திருந்தால் பிறப்புச் சான்றோடு திருத்த மனு கொடுத்து, அந்த நாட்கள் பணிக்காலமாக ஏறிய பக்கத்தின் நகலையும் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.